நொய்

நாள் 212 | 07:30 | குழிக்குடில்

வெளி வெப்பம் மைனஸ் 196. உள்ளே 11. பேட்டரி 13 குடிலில், 44 சதவீதம். பேட்டரி 14 ஏறுவண்டியில், 97 சதவீதம். நேற்று வெட்டிய பனி முப்பத்தொரு கிலோ. இருவரும் நலம்.

எந்தக் குறிப்பும் புதிதாக வருபவருக்குப் புரிய வேண்டும் என்பது தளத்தின் விதி. ஆகவே ஒருமுறை விளக்கமாக எழுதிவிடுகிறேன்.

நான் செண்பகவல்லி. பொருள் வேதியியல். ஊர் கோவில்பட்டி. இது நிலவின் தென்முனைத் தளம். ஒரு மேடு, ஒரு குழி. மேட்டில் ஏறக்குறைய எப்போதும் வெயில். குழியில் எப்போதுமே இல்லை. பனி குழியில்தான் கிடக்கிறது. அதிலிருந்துதான் எங்கள் தண்ணீரும் மூச்சுக்காற்றும். தளத்தில் மூன்று பேர். மேட்டுப் பட்டறையில் நல்லசிவம், பெருந்துறைக்காரர். குழியில் துளைப்பாளர் சேசடிமை, இடிந்தகரைக்காரர். நான் மேட்டில் இருக்க வேண்டியவள். மேட்டில் நன்றாக இருக்கும் பேட்டரி குழிக்கு வந்தால் ஏன் சாகிறது என்று பார்க்கக் கீழே வந்திருக்கிறேன்.

மேட்டிலிருந்து குழிக்கு மின்கம்பி இழுத்திருந்தார்கள். பாறை நழுவி இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை யாரும் இழுக்கவில்லை. இப்போது இருப்பது ஓர் எஃகு வடம், ஒன்பது கம்பங்கள், ஒற்றை இருக்கை ஏறுவண்டி. இறங்கும்போது தன் எடையில் இறங்கும். ஏறும்போது பேட்டரிதான் ஏற்ற வேண்டும். சுவர் செங்குத்து. நடந்து ஏறினால் பாதி வழியில் உடையின் சூடு தீர்ந்துவிடும்.

அடுத்த கப்பலுக்கு மூன்று மாதம் இருக்கிறது. புதிய பேட்டரி வராது. பழையதைப் பிரித்து, கேத்தோடின் கறுப்புப் பொடியை எடுத்து, லித்தியம் ஊட்டி, மறுபடி பேட்டரி செய்கிறோம். பதினான்காவது சுற்று நடக்கிறது. பேட்டரி 11 முப்பது முறை ஏறியது. பேட்டரி 12 ஒன்பது முறை. பேட்டரி 13 நான்கு முறை.

இன்று பேட்டரி 12-இன் செத்த செல் ஒன்றைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தேன். பெரிய மணிகள் முழுதாக இருக்கின்றன. சிறியவற்றின் மேல் பாசி போல ஒரு படலம். காரணம் தெரியவில்லை.

வானொலிப் பதிவு (மேடு: நல்லசிவம், குழி: சேசடிமை):

பூமி: "பேட்டரி 14, பொடியின் இடைநிலை அளவை உறுதி செய்யவும்."

நான்: "ஐந்து மைக்ரான்."

பூமி: "நன்று."

மேடு: "ஏனுங் மேடம், அங்க சேசு கஞ்சி குடிச்சானுங்களா? அரிசி மூட்டைக்கு அடியில இத்தன நொய் கெடந்துதுங். வச்சுக் குடிங்கன்னு குடுத்து உட்டேன்."

குழி: "குடிச்சேன் அண்ணே. உப்பு எங்கண்ணே? ஒங்க ஊருல உப்புக்குப் பஞ்சமா?"

மேடு: "கடக்கரைக்காரன் நீதான்டா உப்பு கொண்டாரோணும்."


நாள் 213 | 06:50 | குழிக்குடில்

உள்ளே 3 பாகை. பேட்டரி 13-இன் செல்கள் இரவில் தலையணை போல உப்பிவிட்டன. இரண்டு உறைகள் கிழிந்து எலக்ட்ரோலைட் வாடை அடிக்கிறது. உடையைப் போட்டுக்கொண்டோம். இனிப் பேச்சு உடை வானொலி வழியாக. அதுவும் பதிவாகும்.

குடிலை விட்டு வெளியேற வேண்டும். வண்டியில் ஓர் இருக்கை. பேட்டரி 14 இதுவரை ஒரு முறைதான் ஏறியிருக்கிறது. அது இன்னும் மூன்று ஏற்றமாவது தாங்கும் என்று கணக்கிட்டேன். ஒருவர் ஏறி, வண்டியை இறக்கிவிட்டு, மற்றவர் ஏறலாம்.

யார் முதலில் என்று பேசினோம்.

சேசடிமை: "நீங்க போங்க டாக்டரே. வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா பொடியக் கிண்டி சரி பண்ணத் தெரிஞ்ச ஆளு நீங்கதான். நான் மேல போயி என்ன செய்ய? நல்லசிவம் அண்ணன் கூட உக்காந்து தாயம் வெளாடவா?"

நான்: "பேட்டரி 13-இல் ஒரு நாள் சூடுகூட இல்லை."

சேசடிமை: "அஞ்சு மணி நேரத்துல வண்டி திரும்பிரும்லா. கடல்ல எஞ்சின் நின்னு மூணு நாள் கெடந்தவன் நான். இது என்ன, மீனு கூட இல்லாத ஊரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 07:40-க்குக் கிளம்புகிறேன்.


நாள் 213 | 10:20 | ஏறுவண்டி, நான்காம் கம்பம்

வண்டி நின்றுவிட்டது.

மூன்று கம்பம் வரை வேகம் சரி. நான்காம் கம்பத்துக்கு முன் மோட்டார் குரல் தாழ்ந்தது. மின்னழுத்தம் சரிந்தது. பாதுகாப்புச் சுவிட்ச் விழுந்து பிரேக் பிடித்துக்கொண்டது.

மீட்டர் 58 சதவீதம் காட்டுகிறது.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். தனியாக அளந்தேன். கெடவில்லை. 58-தான்.

இருபது நிமிடம் காத்திருந்து மறுபடி ஓட்டினேன். பன்னிரண்டு மீட்டர் ஏறியது. நின்றது. அரை மணி காத்திருந்தேன். ஏழு மீட்டர். நின்றது. ஒவ்வொரு ஓய்விலும் அழுத்தம் தானாகவே மேலே வருகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் முன்னதைவிடச் சீக்கிரம் விழுகிறது. பேட்டரியைச் சூடேற்றி ஓட்டிப் பார்த்தேன். ஒரு இழுப்பு நீளமாக வந்தது. அதன் பிறகு செல் ஒன்று உப்பத் தொடங்கியது. சூடேற்றுவதை நிறுத்திவிட்டேன்.

மேலே ஐந்து கம்பம் பாக்கி.

மேடு: "மேடம், அம்பத்தெட்டு இருக்குதுங்களே. பாதிக்கு மேல. அப்புறம் ஏனுங்க நிக்குது?"

நான்: "பார்க்கிறேன்."

குழி: "என்ன டாக்டரே, நடுவழியில எறங்கி டீ குடிக்கீயளோ?"

நான்: "குடிலில் எவ்வளவு?"

குழி: "மைனஸ் ஒம்பது. நல்ல காத்து. மொகத்துக்கு நல்லது."

பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. கை விரல் மரத்தது போல உள்ளேயும் ஏதோ மரத்திருக்கிறது. வேலை செய்ய அது வசதியாக இருக்கிறது.


நாள் 213 | 14:10 | ஏறுவண்டி, நான்காம் கம்பம்

காரணம் தெரிந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

பொடியை அரைத்துக் காற்றுச் சல்லடையில் பிரிக்கும்போது ஒரு மைக்ரானுக்கும் கீழான தூசி தனியாக விழும். முதல் சுற்றிலிருந்தே நாங்கள் அதற்கு நொய் என்று பெயர் வைத்திருக்கிறோம். மற்றது மணி. நியாயப்படி நொய்யைக் கொட்டிவிட வேண்டும். நாங்கள் கொட்டவில்லை. பூமியிலிருந்து வந்த பொருள், ஒரு கிராமையும் வீணாக்க மனம் வராது. அரிசி நொய்யைக் கொட்டாமல் கஞ்சி வைப்பவர்கள்தானே நாங்கள் மூன்று பேரும். ஒவ்வொரு சுற்றின் நொய்யையும் அடுத்த சுற்றில் சேர்த்தோம்.

நொய் சேர்ந்தால் இடைநிலை அளவு ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும். பூமி கேட்பது ஐந்து. எனவே முதல் டிரம்மின் அடியில் மிச்சமிருந்த பெரிய மணியைக் கொஞ்சம் போட்டு ஐந்துக்கு ஏற்றினோம். இடைநிலை என்பது நடுக்கோடு மட்டும்தான். எடையில் பாதி அதற்கு மேல், பாதி அதற்குக் கீழ். நடுக்கோட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கோடு அங்கேயே நிற்கும். பேட்டரி 14-இல் பாதி பன்னிரண்டு மைக்ரான் மணி, பாதி அரை மைக்ரான் நொய். ஐந்து என்று எழுதிய பொடியில் ஐந்து மைக்ரான் மணி அநேகமாக இல்லை.

லித்தியம் ஒரு மணிக்குள்ளிருந்து அதன் தோலுக்கு நடந்து வர வேண்டும். தூரம் பத்து மடங்கு என்றால் நேரம் நூறு மடங்கு. குளிரில் இன்னும் மெதுவாகும். வண்டி ஏறும்போது மோட்டார் கேட்பதை உடனே கொடுக்க நொய்யால்தான் முடியும். முழுப் பாரமும் அதன்மேல். நொய் சீக்கிரம் காலியாகிறது. மணிக்குள் மின்சாரம் நிறைய இருக்கிறது, வெளியே வர நேரமில்லை. மீட்டர் இரண்டையும் கூட்டிக் காட்டுகிறது. அதனால் 58. ஓய்வு கொடுத்தால் மணியிலிருந்து நொய்க்குக் கிணறு ஊறுவது போல ஊறுகிறது. அதனால்தான் பன்னிரண்டு மீட்டர், ஏழு மீட்டர்.

நொய்க்கு எடை குறைவு, மேற்பரப்பு அதிகம். எலக்ட்ரோலைட் அதைச் சுற்றி நின்று தின்கிறது. வாயு வருகிறது, செல் உப்புகிறது. அந்தப் பாசிப் படலமும் அதுதான். சூடேற்றினால் மணி வேகமாகும். நொய் அதைவிட வேகமாகச் சாகும்.

முப்பது, ஒன்பது, நான்கு. பேட்டரி 14-க்கு ஒன்றரை. ஒவ்வொரு சுற்றிலும் நொய் கூடியிருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இடைநிலை ஐந்து.

இனி என்ன செய்வது. மேட்டில் பழைய பேட்டரிகளின் பொடி ஒரு டிரம் இருக்கிறது. நொய்யை நீக்கிவிட்டுப் பேட்டரி 15 செய்தால், அது மெதுவாக ஏறும். ஆனால் பல முறை ஏறும். செய்து முடித்தால் அதை வடத்தில் கொக்கிச் சக்கரத்தில் மாட்டி நழுவ விடலாம். ஆனால் வடம் ஒன்றுதான். நடுவில் நான் நிற்கிறேன். நான் வழிவிட வேண்டும்.

ஏற முடியாது. இறங்க மின்சாரம் தேவையில்லை. கீழே போனால் இந்த 58-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் குடிலைச் சூடாக்கலாம். சூட்டுக்கு அவசரமில்லை. மணியிலிருந்து மெதுவாக வந்தால் போதும்.

நான்: "நல்லசிவம், டிரம்மில் உள்ளதைச் சல்லடையில் விடுங்கள். நொய் முழுவதையும் கொட்டிவிடுங்கள். அடுத்த சுற்றுக்கு எடுத்து வைக்க வேண்டாம். மணியை மட்டும் வைத்துப் பேட்டரி செய்யுங்கள்."

மேடு: "கொட்டறதுங்களா? எங்கீங் கொட்டறது?"

நான்: "வெளியே. இடைநிலை எட்டுக்குப் போகும். எட்டு வந்தால் பரவாயில்லை, பயப்படாதீர்கள். மூன்று நாளில் முடியுமா?"

மேடு: "தூங்காம முடிச்சுப்போடறனுங். நீங்க பத்திரமா எறங்குங்."

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வானொலியை நாளுக்கு ஒருமுறை, நண்பகலில் மட்டும் திறப்பதாகச் சொன்னேன். பிரேக்கைத் தளர்த்தி இறங்குகிறேன்.


நாள் 214 | 09:00 | குழிக்குடில்

பேட்டரி 14-ஐ வண்டியிலிருந்து கழற்றிக் குடிலின் ஹீட்டரில் மாட்டினோம். உள்ளே மைனஸ் 4-இல் நிற்கிறது. அதற்கு மேல் ஏற்றவில்லை.

நான் வந்தபோது குடில் மைனஸ் 60-இல் இருந்தது. சேசடிமையின் இடது கை உறையின் ஹீட்டர் முன்பே செத்திருக்கிறது. வானொலியில் அவர் அதைச் சொல்லவில்லை. மூன்று விரல்கள் நுனியில் கறுத்துவிட்டன.

நான்: "ஏன் சொல்லவில்லை?"

சேசடிமை: "சொன்னா கம்பியில நடந்து வருவியளா? விடுங்க. வலது கை இருக்குல்லா. கஞ்சி குடிக்க அது போதும்."

நான்: "வலிக்கிறதா?"

சேசடிமை: "இல்ல. அதுதான் டாக்டரே எனக்குப் பிடிக்கல."

எனக்கும் அதே நிலைதான், ஆனால் அதைக் குறிப்பில் எழுதுவது எப்படி என்று தெரியவில்லை. உடலில் எந்த இடமும் மரக்கவில்லை.

பேசினால் மூச்சு செலவாகும் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. இடிந்தகரையில் அவருடைய மகள் பத்தாம் வகுப்பு எழுதுகிறாள். கணக்கில் தோற்றுவிடுவாள் என்று நிச்சயமாக நம்புகிறார். "தோத்தா படகுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்னு மெரட்டி வச்சிருக்கேன். அது அதுக்குன்னே தோத்துரும், டாக்டரே." சிரித்தார். நான் சிரித்தேனா என்று நினைவில்லை. பதிவில் அவர் சிரிப்பு மட்டும் இருக்கிறது.


நாள் 215 | 12:05 | குழிக்குடில்

மைனஸ் 5. பேட்டரி 14, 33 சதவீதம். நண்பகலில் வானொலி திறந்தேன். மேட்டிலிருந்து பதில் இல்லை. சல்லடை ஓடும் சத்தத்தில் கேட்டிருக்காது. ஐந்து நிமிடத்தில் மூடினேன்.

சேசடிமை அதிகம் தூங்குகிறார். எழுப்பி எழுப்பித் தண்ணீர் கொடுக்கிறேன்.


நாள் 216 | 12:20 | குழிக்குடில்

மேடு: "மேடம்! கேக்குதுங்களா? முடிச்சுப்போட்டனுங்! பதினஞ்சு ரெடி. காலையிலயே கம்பியில உட்டுட்டேன். இன்னேரம் ஏழாங் கம்பம் தாண்டியிருக்கும்."

நான்: "கேட்கிறது. நொய்யைக் கொட்டினீர்களா?"

மேடு: "கொட்டினனுங். நீங்க சொன்னாப்பல மொதல்ல மொத்தமும் கொட்டிப்போட்டேன். அப்புறம் பாத்தா பொடி மூணுல ஒரு பங்கு கொறையுது. ரெண்டு உசுரு கீழ கெடக்குது, அரகொற பேட்டரிய எப்படீங் அனுப்பறது? மனசு கேக்குலீங். கொட்டுனதைத் திரும்ப அள்ளிப் போட்டு நெரப்பிட்டேன். பழைய டிரம்மு அடிமணியையும் வழிச்சுப் போட்டேன். நீங்க எட்டு வந்தாலும் பரவால்லைன்னீங்க. எட்டெல்லாம் எதுக்குங்? பாருங்க, இடைநிலை சரியா அஞ்சு! சொட்டுக் கூடக் கொறையில."

 

நான்: "டிரம்மில் மிச்சம் இருக்கிறதா?"

மேடு: "தொடச்சு எடுத்துட்டனுங். ஒரு சிட்டிகை இல்ல."

நான்: "நல்ல வேலை, நல்லசிவம்."

மேடு: "மூணு நாளாக் கண்ணு மூடுலீங் மேடம். நீங்க ரெண்டு பேரும் மேல வந்து சேருங்க. அது போதுமுங்."

எட்டு வந்தால் பரவாயில்லை என்றுதான் நான் சொன்னேன். எட்டு வந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

கணக்கு: முப்பது, ஒன்பது, நான்கு, ஒன்றரை. பேட்டரி 15-இல் நொய் முன்பைவிட அதிகம். புதிய நொய் முதல் முறை நன்றாக இழுக்கும். மேட்டில் வேகமாகச் சார்ஜ் செய்தால் அந்தப் பாரமும் நொய்யின் மேல்தான் விழும். மெதுவாகச் சார்ஜ் செய்ய இரண்டு நாள் ஆகும். பேட்டரி 14-இல் ஒரு நாள் சூடுகூடப் பாக்கி இல்லை.

ஒரு ஏற்றம். இரண்டு இல்லை.


நாள் 216 | 15:40 | குழிக்குடில்

பேட்டரி 15 வந்து சேர்ந்தது. உறை பளபளவென்று இருக்கிறது. மேலே மார்க்கரில் "ரெண்டு பேரும் வாங்க" என்று நல்லசிவம் எழுதியிருக்கிறார்.

வண்டியில் மாட்டினோம்.

சேசடிமை: "ஏறுங்க டாக்டரே. வண்டிய எனக்குத் திருப்பி விட்ருங்க."

நான்: "இந்த முறை நீங்கள்."

சேசடிமை: "அது என்ன கணக்கு? போன தடவ பேசி முடிச்சதுதான்."

நான்: "உங்கள் கைக்கு வைத்தியம் வேண்டும். எனக்கு இங்கே வேலை பாக்கி இருக்கிறது. பேட்டரி 13-இன் செல் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்."

சேசடிமை: "செத்த பேட்டரிய அறுத்துப் பாக்கவா இங்ஙன கெடக்கப் போறீய? பொடிக்காரிக்குப் பொடிதான் பெருசு."

நான்: "ஆமாம்."

அவர் முகக் கண்ணாடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். பிறகு வலது கையால் இருக்கை வாரைப் பூட்டினார். காரணம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

ஏன் அவரை அனுப்பினேன் என்று இந்தக் குறிப்பைக் கண்டெடுப்பவர் கேட்கலாம். விரல் கறுத்திருந்தது. அதுதான் காரணம். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

15:52-க்கு வண்டி கிளம்பியது. நான்காம் கம்பத்தைத் தாண்டும்போது வானொலியைத் திறந்தேன்.

வண்டி: "டாக்டரே, நீங்க டீ குடிச்ச எடம் தாண்டியாச்சு! குதுர மாதிரி போவுது!"

நான்: "மீட்டர்?"

வண்டி: "எழுவத்தொம்போது."

மூடிவிட்டேன்.


நாள் 217 | 06:15 | குழிக்குடில்

மைனஸ் 31. பேட்டரி 14 நேற்று மாலை நின்றது. உடையின் சூடு மட்டும். எழுத்து கோணலாகப் போகிறது, மன்னிக்கவும்.

வண்டி இறங்கி வந்துவிட்டது. கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரிகிறது. இருக்கையின் மேல் கம்பளி ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. மீட்டர் 98.

பேட்டரியின் உறையைத் தொட்டுப் பார்த்தேன். நடுவில் லேசான மேடு. உள்ளங்கைக்குத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரியாது.

மேடு: "வந்துச்சுங்களா மேடம்? நாலே மணி நேரத்துல சார்ஜ் போட்டு அனுப்பிச்சேன், வேக மோடுல. சேசு தூங்கறானுங். வெரலு ரெண்டு போகும்ங்கறாங்க பூமியில. உசுருக்கு ஒண்ணுமில்லையாமா."

நான்: "நன்றி."

மேடு: "எனக்கெதுக்குங் நன்றி? ஏறுங்க மொதல்ல."

இங்கே இருந்தால் உடையின் சூடு மதியம் வரை. வண்டியில் ஹீட்டர் இருக்கிறது. ஏறுகிறேன். ஐந்து கம்பம் தாண்டினாலே கணக்கு தப்பென்று ஆகிவிடும். கணக்கு தப்பியிருந்தால் எனக்கு வருத்தமில்லை.


நாள் 217 | 09:30 | ஏறுவண்டி

நின்றுவிட்டது. மூன்றாம் கம்பம் தாண்டி.

மீட்டர் 71.


நாள் 217 | 13:00 | ஏறுவண்டி

ஓய்வு. ஒன்பது மீட்டர். ஓய்வு. நான்கு. ஓய்வு. ஒரு மீட்டர். ஓய்வு ஒரு மணி நேரம். முக்கால் மீட்டர்.

நான்காம் கம்பம் மேலே தெரிகிறது. போன முறை நான் பிரேக் பிடித்த கீறல் வடத்தில் இருக்கிறது.

ஹீட்டர் ஓடுகிறது. பேட்டரியின் பெரிய மணிகளில் எனக்கு நான்கு நாள் சூடு இருக்கும். கப்பலுக்கு மூன்று மாதம்.

மேடு: "மீட்டர் எவ்வளவுங் மேடம்?"

நான்: "70."

மேடு: "அப்பக் கவலையே இல்லீங். கொஞ்சம் நின்னு நின்னு வாங்க."


நாள் 220 | ஏறுவண்டி

உடை வெளிச்சத்தில் எழுதுகிறேன். சூடு குறைகிறது; செல்கள் குளிர்ந்து, மணியிலிருந்து ஹீட்டருக்குக்கூடப் போதிய மின்சாரம் வெளியே வரவில்லை, மீட்டர் மட்டும் அதிகம் இறங்கவில்லை. மூன்று நாளாக இழுக்கவில்லை. ஓட்டினால் மோட்டார் முனகும், வண்டி நகராது.

கண்டெடுப்பவருக்கு. இந்த இருக்கைக்கு அடியில் உள்ள பேட்டரியில் நல்ல மணி பாதி இருக்கிறது. பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். சல்லடையில் விடுங்கள். நொய்யைக் கொட்டிவிடுங்கள். இடைநிலை எட்டு வர வேண்டும். வந்தே ஆக வேண்டும். ஐந்து வந்தால் யாரையும் ஏற்றாதீர்கள்.

படிப்பது நல்லசிவமாக இருந்தால். நான் சரியாகச் சொல்லவில்லை. நீங்கள் நிறைத்துத்தான் அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாம் மூன்று பேரும் கொட்டாதவர்கள்.


நாள் 221 | ஏறு

சேசு எழுந்துவிட்டார் போல. வானொலியில் அவர் குரல்.

"டாக்டரே. கேக்குதா? அண்ணன் நொய்க்கஞ்சி வச்சிருக்காரு. உப்புப் போட்டு. ஒங்க பங்க மூடி வச்சிருக்கு, நான் தொடல. ஏன் இன்னும் வரல? மீட்டர் எவ்வளவு?"

62 என்று சொன்னேன். அது பொய்யில்லை.

"அப்ப வந்துருவீயல்லா."

வருகிறேன் என்றேன்